காலமும் காவலும்

கி. பி. 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், பாரிஸ் நகரில் வாழ்ந்த லூயி பாஸ்டர் என்னும் அறிவியலறிஞரிடம் அன்னை ஒருத்தி தன் மகனை அழைத்து வந்தாள். ஜோசப் மைஸ்டர் என்னும் அச்சிறுவனுக்கு வயது 9. இரண்டு நாள்களுக்கு முன்பு, அல்சாஸ் பகுதியில், வெறிநாய் ஒன்று அவனைப் பதினான்கு இடங்களில் கடித்திருந்தது.

வலிமை குறைக்கப்பெற்ற வெறிநோய்க் கிருமியைக் கொண்டு பாஸ்டர் ஒரு மருந்து செய்திருந்தார். நாய்களைக் காத்த அம்மருந்தை மனிதனுக்குச் செலுத்த அவர் பெரிதும் தயங்கினார். செலுத்தாவிடினோ சிறுவன் இறத்தல் கூடும். இறுதியில் அவர் துணிந்தார். கிரான்ஷே என்னும் மருத்துவர் ஊசி குத்தினார். பத்து நாள்களில் 13 முறை மருந்து செலுத்தப்பெற்றது. சிறுவன் பிழைத்தான்.

கடிபட்டபின் செலுத்திய மருந்து அவனை எவ்வாறு காத்தது?

நம் உடலில் இருவகைக் காவல் உண்டு. ஒன்று, புகுந்த பகை எதுவாயினும் உடனே எதிர்ப்பது. மற்றொன்று, பகை இன்னதென அறிந்து அதற்கென்றே படைக்கலம் வகுப்பது. பின்னதை நடத்துபவை வெள்ளணுக்களுள் ஒருவகையாகும். அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தையே அறிய வல்லது. கிருமியின் அடையாளத்தோடு பொருந்தும் அணு பலவாகப் பெருகும். பின்னர் எதிர்ப்பொருளைச் சுரக்கும். இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும்.

கடிவாயில் புகும் வெறிநோய்க் கிருமி மிகச் சிறிதளவே ஆதலின், உடற்காவலர் அதனை எளிதில் உணர்வதில்லை. அது நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று திங்கள் ஆகும். இவ்விடைக்காலத்தில் ஊசிமருந்து பகையின் அடையாளத்தைக் காட்டிக் காவலரை எழுப்பிவிடுகிறது. கிருமி மூளையை அடையுமுன் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் உயிர் தப்பும். நோய் வெளிப்பட்டுவிட்டாலோ பிழைத்தல் மிக அரிது.

முகத்திலும் கழுத்திலும் கடிபட்டால் கிருமி செல்லும் வழி குறுகும். நமக்குள்ள காலமும் குறுகும். ஆதலின், கடுங்காயம் பட்டவர்க்கு, முன்னரே ஆக்கப்பெற்ற எதிர்ப்பொருளையும் முதல் நாளிலேயே காயத்தைச் சுற்றிச் செலுத்துகின்றனர். இது கடன் வாங்கிய படை போன்றது. சொந்தப் படை திரளும் வரையில் காவல் நிற்கும்.

எனவே, நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மருத்துவர் குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ளுதல் வேண்டும். காயம் சிறிதென்று கருதி நாள் கடத்துபவர், தம் காவலர்க்கு வேண்டிய காலத்தைப் பகைவனுக்கு ஈந்தவர் ஆவர்.