வேலை செய்யும் இடமே வகுப்பறை: பயிற்சி முடிந்த மறுநாள் என்ன செய்யணும்?

காலை எட்டரை மணிக்கு சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைக் கடந்து பாருங்க. கழுத்தில் அடையாள அட்டையோடு ஐ.டி. நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். டிபன் பாக்ஸோடு கணபதி பட்டறைகளுக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். வேலை வேறு என்றாலும் இரண்டு பேருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. கம்பெனியில் ரெண்டு நாள் பயிற்சி நடக்கும். நோட்டு, பேனா, டீ, வடை, கடைசியில் குரூப் போட்டோ. அடுத்த வாரம் யாராவது கேட்டால், "என்னமோ சொன்னாங்க, மறந்து போச்சுங்க" என்போம்.

வகுப்பில் கற்றது வேலையில் ஏன் தங்குவதில்லை? பயிற்சி, மேம்பாட்டுத் துறையினரின் மாநாடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இதுதான். அங்கே பேசப்படுவதில் நமக்குப் பயன்படும் மூன்று பாடங்களைப் பார்ப்போம்.

பாடம் 1: மறப்பதற்குள் செய்து பாருங்க

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு நேரத்தில் மறக்கின்றன என்று அளந்தார். 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்றாகத் தங்குகிறது.

அதனால் பயிற்சி முடிந்த மறுநாளே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கற்றதில் ஒன்றையாவது செய்து பாருங்க. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மறக்காமல் இருக்க மொபைலில் இப்பவே அலாரம் வச்சிடுங்க.

பாடம் 2: பெரும்பகுதி வேலையில்தான் வருகிறது

70:20:10 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 1980-களில் அமெரிக்காவின் 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' நிறுவனத்தின் ஆய்வுகளில் இருந்து உருவானது. கற்பதில் 70 பங்கு வேலை செய்யும்போதும், 20 பங்கு மற்றவர்களிடம் இருந்தும், 10 பங்கு மட்டுமே வகுப்பிலும் வருகிறது என்பது இதன் சாரம். மேலாளர்கள் தங்கள் அனுபவத்தை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்துப் போட்ட தோராயம் இது, துல்லியமான அளவு இல்லை. அதோடு, வகுப்பே வேண்டாம் என்றும் இது சொல்லவில்லை. வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்கிறது.

கோவைக்கு இது புதுசு இல்லை. 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் உற்பத்தி நடக்கும் இடத்திலேயே தொழில் கற்றுத் தரப்பட்டது. பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரி 1951-ல்தான் வந்தது. பட்டறை முதலில், கல்லூரி பிறகு!

பாடம் 3: சொன்னால் போதாது, செய்ய வையுங்க

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களுக்கு வேகமாக வேலை கற்றுத்தர ஒரு நான்கு படி முறை வந்தது. போருக்குப் பிறகு ஜப்பானின் டொயோட்டாவும் அதை எடுத்துக்கொண்டது. ஒரு லேத் பட்டறையில் இப்படிச் செய்யலாம்:

1. தயார் செய்யுங்க: "தம்பி, இதுக்கு முன்னாடி வெர்னியர் பிடிச்சிருக்கியா?" "இல்லீங்கண்ணா." தெரிந்தது எது, தெரியாதது எது என்று முதலில் கேளுங்க.
2. செய்து காட்டுங்க: ஒவ்வொரு படியாக, காரணத்தோடு. "சாய்ச்சுப் பிடிச்சா அளவு தப்பாக் காட்டும், பாத்துக்க."
3. அவரைச் செய்யச் சொல்லுங்க: செய்யும்போதே ஏன் அப்படி என்பதையும் அவர் வாயால் சொல்லணும்.
4. தனியே விட்டுக் கவனியுங்க: முதலில் அடிக்கடி, போகப் போகக் குறைவாக. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கணும் என்றும் சொல்லி வையுங்க.

கற்பவருக்கு வேலை வரவில்லை என்றால், சொல்லித் தந்த விதத்தைத்தான் முதலில் சரிபார்க்கணும் என்பது இந்த முறையின் அடிப்படை. புது மென்பொருள் கற்கும் ஐ.டி. ஊழியருக்கும் இதே நான்கு படிதான்.

அரசு சேவைகள் எப்படி உதவும்?

வேலையிலேயே கற்பதை அரசும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தொழில் பழகுநர் பயிற்சி: 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 40 பேர் இருந்தால் 1 முதல் 6 பேர் வரை. மாத உதவித்தொகை உண்டு. தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதன் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஒப்பந்தம் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்க. பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கோங்க.

முன் அனுபவத்துக்குச் சான்றிதழ்: பதினைந்து வருஷம் லேத் ஓட்டியும் கையில் ஒரு காகிதம் இல்லாதவர்கள் நம்மில் நிறைய. வேறு கம்பெனிக்குப் போனால் புது ஆள் சம்பளம்தான் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள திறனை மதிப்பிட்டுச் சான்று தரும் ஏற்பாடு பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்' செயலியில் பாருங்க.

நான் முதல்வன்: தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய திட்டம். வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால், அவர் படிப்போடு என்ன திறன் பயிற்சி கிடைக்கிறது என்று விசாரியுங்க.

ஆன்லைனில் சிரமமாக இருந்தால் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.-யில் நேரில் கேட்கலாம்.

அடுத்த முறை பயிற்சி முடிந்து குரூப் போட்டோ எடுத்ததும், உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், நாளைக்கு இதை எந்த வேலையில செஞ்சு பாக்கலாம்?"