விரல் போனபின் கூட நிற்பது யார்?

கேள்வி: என் கணவர் வல்லம் வடகால் சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். மெஷினில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் ஈ.எஸ்.ஐ. பதிவே செய்தார்கள். ‘வீட்டுல இருக்கச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்’ என்கிறார் சூப்பர்வைசர். ஜெர்மனியில் உள்ள என் சித்தி மகன், அங்கே இப்படி அடிபட்டால் கேஸ் மேனேஜர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் கவனிப்பார் என்கிறான். நமக்கு அப்படி யாரும் உண்டா?
— ஒரு வாசகி, வல்லம் வடகால்

பதில்: அவர் சொல்வது உண்மைதான், அம்மா. ஜெர்மனியில் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்பே அந்த ஆளை அனுப்புகிறது. ஆஸ்பத்திரி முதல் மறுபடி வேலைக்குப் போகும்வரை அவர் கூடவே இருப்பார். நம் சட்டத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. வடக்கே மானேசர் கார் தொழிற்சாலைப் பகுதியில் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற தொண்டு நிறுவனம் விரலிழந்த தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. வாங்கித் தர உதவுகிறது. அங்கேயும் விபத்துக்குப் பிறகு கார்டு போடும் கதை சாதாரணம். பதிவைத் தாமதித்தது கம்பெனியின் தவறு. அதனால் உங்கள் கணவரின் உரிமை போகாது. காண்ட்ராக்ட் என்று கம்பெனி கைகழுவவும் முடியாது.

முதலில் விபத்து அறிக்கையைக் கம்பெனி ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பியதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். மெஷின், நேரம், ஷிப்ட் எல்லாம் அதில் சரியாக இருக்க வேண்டும். வெற்றுத் தாளிலோ ராஜினாமா கடிதத்திலோ அவர் கையெழுத்துப் போடக் கூடாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் படியாக வரும். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் இடையில் விடுபட்டால் அந்த நாட்களின் பணமும் சிக்கலாகும். ‘வீட்டுல இருங்க’ என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

காயம் ஆறியதும், ஊன அளவை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்கு அவரை அனுப்பச் சொல்லி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பலர் இதைச் செய்யாமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் பெரிய இழப்பு. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சட்ட அட்டவணை சொல்கிறது. நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம், நாளுக்கு 162 ரூபாய். இது ஆயுள் முழுவதும் வரும். அவர் வேறு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் நிற்காது. போர்டு குறைத்துப் போட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். செயற்கை விரல், தொழில் மறுபயிற்சி பற்றியும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

இத்தனை அலைச்சலையும் நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசி, சட்டத் தன்னார்வலர் ஒருவரை உங்களுடன் அனுப்பக் கேளுங்கள். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். விபத்து அறிக்கையின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.