கஞ்சாவும் நம் நாட்டுச் சட்டமும்



"அமெரிக்காவில் கஞ்சாவைக் கடையிலேயே விற்கிறார்களாம். பக்கத்திலுள்ள தாய்லாந்திலும் விட்டுவிட்டார்களாம். நம் நாட்டில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?" என்று நம் இளைஞர்கள் சிலர் பேசிக்கொள்வதுண்டு. இப்பேச்சில் பாதி உண்மையும் பாதி மயக்கமும் கலந்துள்ளன. மயக்கமான அந்தப் பாதியை நம்பி ஓர் இளைஞர் ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கிவிட்டால், அவருடைய வாழ்நாளில் பல ஆண்டுகள் சிறைக்குள்ளே கழிந்துவிடும். ஆதலால் கஞ்சாவைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் சொல்வது என்ன என்பதை இப்பாடத்தில் முறையாக அறிந்துகொள்வோம்.

பிற நாடுகளில் நடப்பது என்ன?

அமெரிக்கா ஐம்பது மாநிலங்களைக் கொண்ட நாடு. அங்கு ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனக் குற்றவியல் சட்டம் இயற்றிக்கொள்ளும் உரிமை பெற்றுள்ளது. 2012ஆம் ஆண்டில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநில மக்களும் வாக்களித்து, வயது வந்தோர் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினர். பிறகு வேறு பல மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. எனினும் அந்நாட்டின் கூட்டரசுச் சட்டம் இன்னும் கஞ்சாவைத் தடை செய்தே வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் தண்டனைக்கு உள்ளாகாத ஒருவர், எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் கால் வைத்ததும் குற்றவாளி ஆகலாம்.

தாய்லாந்து 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கமே மீண்டும் கட்டுப்பாடு விதித்து, மருத்துவர் எழுதித் தரும் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூவை வாங்கலாம் என்று ஆக்கியது.

மலேசியாவில் நிலைமை முற்றிலும் வேறு. நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் நச்சுப் பொருள்களையும் அபாயகரப் போதைப்பொருள்களையும் கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவையாக வைத்துள்ளது. ஆகவே கெடாவில் ஒரு சட்டம், ஜொகூரில் ஒரு சட்டம் என்பது இங்கில்லை. பெர்லிஸ் முதல் சபா வரை ஒரே சட்டந்தான். அதன் பெயர் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம்.

எது கஞ்சா?

இலை, பூ, தண்டு என்று மக்கள் பிரித்துப் பேசுவர். சட்டமோ, பெயர் எதுவாயினும், பிசின் உள்ள கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் கஞ்சா என்றே கொள்கிறது. பிடிபட்ட பொருள் கஞ்சாதானா, அதன் எடை எவ்வளவு என்பவற்றை இரசாயன இலாகாவின் ஆய்வாளர் ஆராய்ந்து நீதிமன்றத்தில் சான்று கூறுவார். அவர் கூறும் எடையே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது.

எடையும் தண்டனையும்

இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஒன்று: புகைத்தல் அல்லது உட்கொள்ளுதல். சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை விதிக்கப்படலாம். தண்டனை முடிந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகள் வரை அதிகாரிகளின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். முன்பே தண்டனையோ மறுவாழ்வு நிலைய வாசமோ இருமுறை பெற்றவர் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 5 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 3 வரை பிரம்படியும் கிடைக்கலாம்.

இரண்டு: 20 கிராமுக்குக் குறைவாக வைத்திருத்தல். 6ஆம் பிரிவின்படி 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

மூன்று: 20 கிராம் முதல் 50 கிராமுக்குள் வைத்திருத்தல். 2 ஆண்டுக்குக் குறையாத, 5 ஆண்டுக்கு மேற்படாத சிறை. அதனுடன் 3 முதல் 9 வரை பிரம்படி. இங்கே அபராதம் கட்டித் தப்பும் வழி இல்லை.

நான்கு: 50 கிராமும் அதற்கு மேலும் வைத்திருத்தல். ஆயுள் தண்டனை அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை, குறைந்தது 10 பிரம்படி.

ஐந்து: 200 கிராமும் அதற்கு மேலும். இந்த எடையை வைத்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டவர், மாறாக நிரூபிக்கும் வரையில், கடத்தல்காரர் என்றே சட்டத்தால் கருதப்படுவார். கடத்தலுக்கு 1983ஆம் ஆண்டு முதல் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2018இல் ஓரளவு தளர்த்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி முதல் கட்டாயம் என்பது முழுமையாக நீக்கப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். "தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டார்கள்" என்று சிலர் சொல்வது தவறு. எடுக்கப்பட்டது கட்டாயமே அன்றித் தண்டனை அன்று. இருபது வயதில் சிறை புகுந்தவர் முப்பது ஆண்டு கழித்து வெளியே வரும்போது ஐம்பது வயதை அடைந்திருப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு: செடி வளர்த்தல். "லயத்தின் பின்புறம் கத்தரி, மிளகாயோடு ஒரே ஒரு செடிதானே" என்று எண்ண வேண்டா. கஞ்சாச் செடியைப் பயிரிட்டதற்கு ஆயுள் தண்டனையும் குறைந்தது 6 பிரம்படியும் சட்டத்தில் கூறப்பட்டுள்ளன.

பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் இக்குற்றங்களுக்காகப் பிரம்படி கொடுக்கப்படுவதில்லை. சிறைத் தண்டனை மட்டும் அவர்களுக்கும் உண்டு.

200 கிராம் என்றதும் ஒரு மூட்டையை மனத்தில் கற்பனை செய்யக்கூடாது. பழைய கணக்கில் ஒரு காத்தி என்பது ஏறக்குறைய 600 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் 200 கிராம். சந்தைக்குக் கொண்டுபோகும் கைப்பையின் ஒரு மூலையில் அது அடங்கிவிடும்.

"என்னுடையது அன்று" என்றால் போதுமா?

இப்பாடத்தின் உயிர்நாடி இப்பகுதியே.

கடத்தல் என்றால் காசுக்கு விற்பது மட்டுமே என்று பலரும் நினைக்கின்றனர். சட்டத்தின் விளக்கம் அதைவிட அகன்றது. விற்றல், வாங்குதல், கொடுத்தல், பெறுதல், மறைத்து வைத்தல், சுமந்து செல்லுதல், அனுப்புதல், ஒப்படைத்தல் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

மேலும், ஒரு பெட்டியோ பையோ எவர் பொறுப்பில் இருக்கிறதோ, அதனுள் போதைப்பொருள் காணப்பட்டால், அவரே அதை வைத்திருந்தார் என்றும், அது இன்னதென்று அறிந்திருந்தார் என்றும் சட்டம் அனுமானிக்கிறது. அவ்வாறில்லை என்று காட்டும் சுமை அவர் தோள்மேல் விழுகிறது. வாகனத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தால் வாகனத்தை ஓட்டியவரும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பால் வெட்டும் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். பட்டணத்தில் பழக்கமான ஒருவர், "தம்பி, இந்தப் பையை உங்கள் தோட்டத்து முச்சந்தியில் நிற்பவரிடம் கொடுத்துவிடு, எண்ணெய்ச் செலவுக்கு ஐம்பது வெள்ளி வைத்துக்கொள்" என்கிறார். வழியில் போலீசார் நிறுத்திச் சோதிக்கின்றனர். பையில் 300 கிராம் கஞ்சா இருக்கிறது. பையைக் கொடுத்தவரை அங்கே காணோம். அவர் பெயரோ முகவரியோ இளைஞருக்குத் தெரியாது. இப்போது அந்த இளைஞர் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டை எதிர்நோக்கி நிற்கிறார். இத்தகைய குற்றத்திற்கு ஜாமீனும் கிடையாது. வழக்கு முடியும் வரை காவலில்தான் இருக்க வேண்டும்.

அவருக்குத் தற்காப்பே இல்லையா? உண்டு. பொருள் இன்னதென்று தமக்குத் தெரியாது என்பதை அவர் நீதிமன்றத்தில் விளக்கலாம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றும் இவ்வகையில் முக்கியமானது. வைத்திருந்தார் என்ற அனுமானத்தின் மேல் கடத்தினார் என்ற மற்றோர் அனுமானத்தை அடுக்குவதற்கு இடமளித்த சட்டப்பிரிவை அந்நீதிமன்றம் செல்லாதென ஆக்கியது. ஆயினும் "எனக்குத் தெரியாது" என்ற வெறும் சொல் போதாது. ஐம்பது வெள்ளி ஏன் தரப்பட்டது, பையைத் திறந்து பார்க்கத் தடை என்ன, ஐயம் எழவில்லையா என்றெல்லாம் கேள்விகள் எழும். அவற்றிற்கு ஏற்கத்தக்க விடை வேண்டும்.

ஆகவே பிறர் பையைச் சுமக்காதிருப்பதே முதற் பாதுகாப்பு. உறவினர் கொடுத்தாலும் சரி, நண்பர் கொடுத்தாலும் சரி, திறந்து காட்டாத பொட்டலத்தை வாங்காதீர். "என்னை நம்பவில்லையா?" என்று கேட்பவருக்கு, "நம்புகிறேன், ஆனாலும் திறந்து காட்டுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்.

சில தவறான எண்ணங்கள்

"கள்ளைப் போலத்தானே கஞ்சாவும்?" அன்று. கள் உரிமம் பெற்று விற்கப்பட்ட பொருள். கஞ்சாவைப் போதைக்காக விற்கவோ வைத்திருக்கவோ உரிமம் எவருக்கும் தரப்படுவதில்லை.

"ஊரில் பெரியவர்கள் மருந்தாகவும், சாமியார்கள் வழிபாட்டிலும் பயன்படுத்தினார்களே?" சட்டம் வழக்கத்தையோ சமயத்தையோ காரணமாக ஏற்பதில்லை. கஞ்சா கலந்த எண்ணெயோ லேகியமோ எவர் அனுப்பியதாயினும் ஆபத்தே. மருந்து என்றால் முறையாகப் பதிவு செய்யப்பட்டு, உரிய அனுமதியுடன் வர வேண்டும்.

"எல்லைக்கு அப்பால் சென்று புகைத்துவிட்டு வந்தால்?" கஞ்சாவின் சுவடு சிறுநீரில் பல நாள் வரை தங்கும், தொடர்ந்து பழகியவர்க்கு வாரக்கணக்கிலும் தங்கும். இங்கே வந்தபின் நடக்கும் சோதனையில் அது வெளிப்பட்டால் தொல்லை நேரும். அங்கே விற்கும் மிட்டாய், ரொட்டி, பானம் ஆகியவற்றிலும் கஞ்சா கலந்திருக்கக்கூடும். அவற்றை வீட்டுப் பிள்ளைகளுக்கென வாங்கி வருவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

கைது செய்யப்பட்டால்

கைதானவர் எவராயினும் அவருக்குச் சில உரிமைகள் உண்டு. என்ன காரணத்திற்காகக் கைது என்று கேட்டறியலாம். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி சொல்லக் கேட்கலாம். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும். தம்மைக் குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்கு விடை கூற மறுக்கலாம். மலாய்மொழி தெளிவாகப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லலாம். வழக்கறிஞர் அமர்த்த வசதியற்ற குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் துணை செய்கிறது. மரண தண்டனைக்குரிய வழக்காயின், வசதியில்லாதவர்க்கு நீதிமன்றமே வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். ஓடுவதும் போலீசாரை எதிர்ப்பதும் பொட்டலத்தைப் பிறர் வீட்டில் எறிவதும் நிலைமையை மேலும் கெடுக்கும்.

பழக்கத்தில் சிக்கியவருக்கு வழி

தண்டனையைச் சொல்லி அச்சுறுத்துவது மட்டும் இப்பாடத்தின் நோக்கமன்று. போதைப்பழக்கம் உள்ளவரை நோயாளியாகக் கருதிச் சிகிச்சையளிக்க 1983ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அதற்குத் திருத்தங்களை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கீழ், பழக்கத்தில் சிக்கியவர் பிடிபடும் வரை காத்திராமல் தாமாகவே சென்று சிகிச்சை கேட்கலாம். வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரே கேட்கலாம். தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யின் மாவட்ட அலுவலகங்களில் இதற்கான உதவி கிடைக்கும்.

பிள்ளை கெட்டுவிட்டான் என்று அக்கம்பக்கத்தார் அறிந்தால் மானம் போகுமே என்று தாய்மார் பலர் மூடி மறைக்கின்றனர். அவர்களுடைய வேதனை புரிகிறது. எனினும் மறைப்பதால் பழக்கம் தீர்வதில்லை. இன்று அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லக் கூசும் கால்கள், நாளை சிறைச்சாலைக்கு வாரந்தோறும் நடக்க நேரும். பிள்ளை வேலைக்கு ஒழுங்காகச் செல்லாமை, நட்பு திடீரென மாறுதல், வீட்டுப் பொருள் காணாமற்போதல் ஆகியவற்றைக் கண்டால், அடிப்பதற்கு முன் உட்கார வைத்துப் பேசுங்கள். மறைக்காமல் உதவி நாடுங்கள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

மலேசியா முழுமைக்கும் கஞ்சாவைப் பற்றி ஒரே சட்டம் உண்டு. பிற நாட்டுச் சட்டம் இங்கே துணைக்கு வராது. 20, 50, 200 கிராம் என்பவை தண்டனை மாறும் எல்லைகள். சுமந்து செல்வதும் கடத்தலில் அடங்கும். பிறர் பொட்டலத்தைத் திறந்து பாராமல் வாங்கக்கூடாது. சிகிச்சையைத் தாமாகவே நாடலாம்.

வினாக்கள்

1. அமெரிக்காவில் மாநிலத்திற்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. மலேசியாவில் வேறுபடாதது ஏன்?
2. 45 கிராம் கஞ்சா வைத்திருந்தவர் அபராதம் மட்டும் கட்டி விடுபட முடியுமா?
3. 2023ஆம் ஆண்டு மாற்றத்தால் நீக்கப்பட்டது எது? நீக்கப்படாதது எது?
4. உங்கள் தம்பியிடம் ஒருவர் கட்டிய பை ஒன்றைக் கொடுத்து, பட்டணத்தில் சேர்க்கச் சொல்கிறார். தம்பிக்கு நீங்கள் கூறும் அறிவுரை என்ன?

இவ்வினாக்களுக்கான விடைகளை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் வேளையில் பேசிப் பாருங்கள். நான்காம் வினாவை உங்கள் பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் தரும் விடையைக் கொண்டு, இன்னும் எதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியவரும்.