மாடுகளும் எருமைகளும் விழுங்கும் அந்நியப் பொருள்களால் நேரும் வியாதி

நன்றாகத் தீனி தின்று பால் கறந்து வந்த பசுவோ எருமையோ, யாதொரு முன்னறிகுறியுமின்றி ஒரே நாளில் பால் குறைந்து, தீனியை வெறுத்து நிற்பதுண்டு. இதனை அஜீரணமென்று எண்ணி, பேதி மருந்தும் கஷாயமும் கொடுத்துக் குடியானவர்கள் நாட்களைக் கழித்துவிடுகின்றனர். சில சமயங்களில் இதன் உண்மையான காரணம் வைக்கோலுடன் வயிற்றிற் சென்ற ஓர் ஆணியோ, கம்பித் துண்டோ, கோணியூசியோ ஆகும்.

காரணம்

மாடு தீனியை உதட்டால் ஆராய்ந்து தின்பதில்லை. நாவினால் வளைத்திழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிப் பின்னர் அசை போடும். விழுங்கிய இரும்பு, வயிற்றின் நான்கு அறைகளுள் இரண்டாவதான தேன்கூட்டு வயிற்றில் தங்கும். அவ்வறை சுருங்குந்தோறும் கூரிய முனை சுவரைத் துளைக்கும். அதற்கு முன்னே உதரவிதானமும், அதனையடுத்து இருதயமும் மிக அருகிலேயே உள்ளன. நிறைசினையில் கருவின் பாரமும், ஈனும்போது முக்குதலும் கம்பியை முன்னே தள்ளும். ஈன்ற சில நாட்களில் இவ்வியாதி தோன்றினால் அது கண்ணேறு அன்று. எருமைகளில் உதரவிதானம் கிழிந்து, வயிற்றின் ஒரு பாகம் மார்புக்குட் புகுவதும் உண்டு.

குறிகள்

முதுகு வளைந்து, முன்னங்கைகளைப் புறம் விலக்கி நிற்கும். சரிவில் இறங்கத் தயங்கும். படுக்கும்போதும் சாணமிடும்போதும் முனகும். அசை போடுதல் நின்று, வயிறு சற்றே உப்பும். திமிலுக்குப் பின்னுள்ள தோலை இறுகப் பற்றினால் சுகமான மாடு முதுகைத் தாழ்த்தும். நோயுற்றது தாழ்த்தாது முனகும். கழுத்து இரத்தக்குழாய் புடைத்து, மார்புத் தொங்கலில் நீர்வீக்கம் கண்டால் இருதயம் தாக்கப்பட்டதென்று ஐயுறவேண்டும். அதன்பின் பிழைத்தல் அரிது.

சிகிச்சை

குறி கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். மாட்டை நடத்தாமல், முன்கால்கள் உயர்ந்திருக்கும்படி மண்மேட்டில் கட்டுக. மருத்துவர் காந்தத்தை விழுங்கச் செய்து கம்பியைப் பற்றி நிறுத்துவார். அல்லது இடது விலாப்புறம் திறந்து அதனை எடுப்பார். பிளாஸ்டிக் பையும் கயிறும் முதல் வயிற்றிற் சுருண்டு அடைத்துக்கொள்ளும். அவற்றைக் காந்தம் பற்றாது. பெரும்பாலும் அறுவையே வழி.

தடுக்கும் முறை

1. வைக்கோற் கட்டின் கம்பியை அவிழ்த்தவுடன் எண்ணி எடுத்து வைக்க.
2. தவிடு, பிண்ணாக்கு முதலியவற்றைச் சலித்து, காந்தத்தால் துழாவிய பின்னரே இடுக.
3. வேலி கட்டிய இடத்திலும், வீடு கட்டும் இடத்திலும் சிதறிய ஆணிகளைப் பொறுக்குக.
4. மாட்டுப் பொங்கலன்று கம்பியிற் கட்டிய மாலைகளைச் சூட்டற்க.
5. எலும்பும் துணியும் கடிக்கும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுக்க. பாஸ்பரஸ் குறைவினால் இப்பழக்கம் நேரக்கூடும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. கிராம அதிகாரிகள் குப்பை கொட்டுமிடத்தைச் சுற்றி மாடு நுழையாதவாறு வேலியிடுவித்தல் நலம். ஓர் ஆணியைக் குனிந்து எடுக்கும் சிரமம், ஒரு கறவைப் பசுவை இழக்கும் நஷ்டத்திற்கு முன் மிகச் சிறியதே.