நேட்டா, சேபரா? போர் விமானிகளின் பேச்சை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

1965 போரில் நம் கையில் குட்டி நேட், பாகிஸ்தான் கையில் அமெரிக்காவின் சேபர். எது இறுக்கமாகத் திரும்பியது என்று இரு நாட்டு விமானிகளையும் கேட்டால், அவரவர் விமானத்தையே சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு நொடியைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில், எந்தத் திருப்பம்?

சின்ன வட்டம் போடுவது ஒன்று. வட்டத்தைச் சீக்கிரம் முடிப்பது வேறு. வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. பேட்டிகளில் மூன்றுக்கும் ஒரே வார்த்தைதான் வரும்.

அடுத்து, வேகம்

காரியாபட்டி வழியாகப் போகும் நாலுவழிச் சாலையில் புல்லட்டை எண்பதில் திருப்புவதும் இருபதில் திருப்புவதும் ஒன்றா? மட்டமாகப் பறந்தபடி 4 ஜி (புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு) அழுத்தத்தில் திரும்பும் விமானம், மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் சுமார் 1,050 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போடும். வேகம் 540 ஆனால் 590 மீட்டர் போதும். எந்த விமானமானாலும் இதே கணக்குதான். வேகம் சொல்லாத சாட்சியத்தை ஓரமாக வையுங்கள்.

எடை, இறக்கை, எஞ்சின்

சின்ன விமானம், அதனால் நன்றாகத் திரும்பும் என்ற வாதம் இங்கே அடிபடும். நேட் சுமார் 3 டன், இறக்கைப் பரப்பு 12.7 சதுர மீட்டர். சேபர் சுமார் 6.9 டன், 29 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்குவது ஏறக்குறைய 235 கிலோ! சேபரின் இறக்கை முன்விளிம்பில் தானாகத் திறக்கும் பலகைகள் உண்டு; வேகம் குறைந்தாலும் இறக்கை பிடிப்பை விடாது. நேட்டின் பலம் எஞ்சினில். அதன் உந்துவிசை எடையில் மூன்றில் இரண்டு பங்கு. சேபருக்கு நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. என் தீர்ப்பு: மெதுவான வேகத்தில் ஒரு கணம் இறுக்கித் திரும்ப சேபர், வேகம் இழக்காமல் சுற்றவும் மேலேறவும் நேட்.

எடை பறக்கும்போதே மாறும்; அதனால் எரிபொருள் எவ்வளவு மிச்சம், விமானி வெளித்தொட்டியைக் கழற்றிவிட்டாரா என்பதையும் பாருங்கள்.

வெற்றி வேறு, திருப்பம் வேறு

1971 நவம்பர் 22, கிழக்கு பாகிஸ்தான் எல்லையோரம் இருந்த போய்ரா. தரைத் தாக்குதலில் மும்முரமாக இருந்த சேபர்கள் மேல் கொல்கத்தாவின் டம்டம் விமானத் தளத்திலிருந்து வந்த நான்கு நேட்கள் பாய்ந்தன. முந்திக்கொண்டவர்கள் ஜெயித்தார்கள். நேட் நன்றாகத் திரும்பும் என்பதற்கு இது ஆதாரமாகாது.

எதிர்த்தரப்பின் ஏட்டைத் திறங்கள்

அன்று நம்மவர்கள் மூன்று சேபர்களை வீழ்த்தியதாகச் சொன்னார்கள். விழுந்தவை இரண்டு, மூன்றாவது அடிபட்டு டாக்கா திரும்பியது. அதை ஓட்டியவரோ ஒரு நேட்டைச் சுட்டதாகச் சொன்னார். நான்கு நேட்களும் பத்திரமாகத் திரும்பின. 1965 செப்டம்பர் 7இல் சர்கோதா அருகே ஒரு நிமிடத்துக்குள் நம் ஹண்டர் போர் விமானங்கள் ஐந்தை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் விமானி எம்.எம். ஆலம் சொன்னதையும் இந்தியத் தரப்பு ஏற்கவில்லை. சுட்ட எண்ணிக்கையே இப்படி மாறுகிறது என்றால், திரும்பிய கோணத்தை மட்டும் அப்படியே நம்பலாமா?

உங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். எது சிறந்த விமானம் என்று கேட்காதீர்கள். எந்த உயரம், என்ன வேகம், தொட்டியில் எவ்வளவு எண்ணெய் என்று கேளுங்கள்.