தேனில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும்?

மழைக்காலம் வந்தால் பல வீடுகளில் இருமல் சத்தமும் வந்துவிடும். பாட்டி இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்து, தேனில் கலந்து ஒரு கரண்டி கொடுப்பார். மீதியைச் சிறு போத்தலில் ஊற்றி அலமாரியில் வைப்பார். சில நாள் கழித்து மூடியைத் திறந்தால் நுரை பொங்கும்; புளித்த வாடை அடிக்கும். ஆனால், அதே அலமாரியில் இருக்கும் பெரிய தேன் போத்தல் ஓராண்டு ஆகியும் கெடாமல் இருக்கும்.

இரண்டிலும் இருப்பது ஒரே தேன்தான். ஒன்று ஏன் புளித்தது? மற்றொன்று ஏன் புளிக்கவில்லை? விடை ஒரே சொல்லில் அடங்கும்: தண்ணீர். இதைப் புரிந்துகொண்டால், தேனைக் கொண்டு வீட்டில் செய்யும் உணவையும் மருந்தையும் எத்தனை நாள் வைக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் தெளிவாகும்.

தேனீ செய்யும் வேலை

பூவில் இருக்கும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர். தேனீ அதை உறிஞ்சிக் கூட்டுக்குக் கொண்டுவரும்போது தன் உடலில் சுரக்கும் நொதிகளைச் சேர்க்கிறது. அவற்றுள் ஒன்று, மதுவில் உள்ள சுக்குரோசைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் எளிய சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. பிறகு தேனீக்கள் கூட்டுக்குள் சிறகடித்துக் காற்றை ஓடவிட்டு, மதுவிலுள்ள தண்ணீரை ஆவியாக்குகின்றன. போதிய அளவு கெட்டியானதும் அறையை மெழுகால் மூடிவிடுகின்றன.

இப்படி முதிர்ந்த தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரை. தண்ணீர் 17 அல்லது 18 விழுக்காடுதான். அனைத்துலக உணவுத் தர விதிகளின்படி, பொதுவாகத் தேனில் தண்ணீர் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

தேன் ஏன் கெடுவதில்லை?

முதல் காரணம், சவ்வூடு பரவல். ஒரு பாக்டீரியா தேனுக்குள் விழுந்தால், அதன் உடலுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைக் கடந்து வெளியே போய்விடுகிறது. வெளியே சர்க்கரையின் செறிவு மிக அதிகம் என்பதே இதற்குக் காரணம். தண்ணீரை இழந்த நுண்ணுயிரி பெருக முடியாது.

இரண்டாவது, அமிலத் தன்மை. தேனின் பிஎச் அளவு பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே இருக்கும். பல பாக்டீரியாக்களுக்கு அது ஒத்துவராது.

மூன்றாவது, தேனீ சேர்த்த இன்னொரு நொதி. தேன் சற்றே நீர்க்கும்போது, இந்த நொதி குளுக்கோஸிலிருந்து சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குகிறது. அது கிருமிகளைத் தடுக்கும். கடும் சூட்டில் இந்த நொதி சிதைந்துவிடும். ஆகவே, கொதிக்கும் நீரில் தேனை ஊற்றாமல், வெதுவெதுப்பானதும் கலப்பது நல்லது.

நம் நாட்டில் கிடைக்கும் கெலுலுட் தேனைப் பாருங்கள். கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் பிசினும் மெழுகும் கலந்த குட்டிப் பானைகளில் சேர்த்து வைக்கும் தேன் அது. சுவையில் புளிப்பு, தண்ணீரும் அதிகம். அதனால் எளிதில் நுரைக்கும். சாதாரணத் தேனைப் போல வெளியே வைக்காமல், அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. மூடியைத் திறந்து வைத்தாலும், ஈரக் கரண்டியை உள்ளே விட்டாலும் தேனில் தண்ணீர் கூடும்.

மூன்று செய்முறைகள்

1. தண்ணீர் சேராதது: தினைமா உருண்டை. வள்ளி கதையில் வரும் தேனும் தினைமாவும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு கப் தினையை மணம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மாவாக அரையுங்கள். கொஞ்சம் ஏலக்காய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி நெய் சேர்த்து, உருண்டை பிடிக்கும் பதம் வரும்வரை தேனைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்திலும் இதே நுட்பம்தான். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய் சேர்க்கும் அதில் தண்ணீர் சேர்ப்பதில்லை.

2. தண்ணீர் தானாக வருவது: வெங்காயத் தேன். ஐந்தாறு சின்ன வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி தேனை ஊற்றி மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் கெட்டித் தேன் நீர்த்துப் போயிருக்கும். நாம் தண்ணீர் ஊற்றவில்லையே! வெங்காயத்தின் உயிரணுக்களிலிருந்து தண்ணீரைத் தேன் இழுத்துவிட்டது. சவ்வூடு பரவலை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். இது இனி பழைய தேன் அல்ல. குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இஞ்சிச் சாறு, பூண்டு சேர்த்த தேனுக்கும் இதே விதிதான்.

3. தண்ணீரே பெரும்பகுதியாக உள்ளது: எலுமிச்சைத் தேன் பானம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி தேன், அரை எலுமிச்சைப் பழச்சாறு. கலந்த உடனே குடித்துவிட வேண்டியதுதான்.

இருமலுக்கு உதவுமா?

2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சளியால் இரவில் இருமிய 2 முதல் 18 வயது வரையிலான 105 பிள்ளைகளிடம் ஆய்வு செய்தனர். படுக்கும் முன் தேன் பெற்றவர்களின் இருமலும் தூக்கமும், எதுவும் பெறாதவர்களைவிட நன்றாக இருந்ததாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தேக்கரண்டி, 6 முதல் 11 வயது வரை ஒரு தேக்கரண்டி, அதற்கும் சிறியவர்களுக்கு அரைத் தேக்கரண்டி என அளவு வைத்திருந்தனர்.

தேன் சளியைக் குணப்படுத்திவிடாது; தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், வாரக்கணக்கில் நீளும் இருமல் இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தீக்காயத்தில் சமையலறைத் தேனைத் தடவுவதும் கூடாது. மருத்துவமனையில் காயத்துக்குப் பயன்படுத்தும் தேன் கிருமி நீக்கப்பட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டாம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உள்ள வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆபத்தானது.

மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சில நேரம் தேனிலும் கலந்திருக்கும். தேனில் தண்ணீர் போதாததால் அவை உறக்க நிலையிலேயே கிடக்கும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அவற்றை வளரவிடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வளரவில்லை. ஈரமும் இடமும் கிடைத்ததும் வித்து விழித்து, நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கிறது. மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, பலவீனமான அழுகை, உடல் துவண்டு போதல் ஆகியவை அறிகுறிகள். மூச்சுவிடும் தசைகளும் செயலிழக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

"கொதிக்க வைத்துக் கொடுத்தால்?" என்று கேட்கலாம். சாதாரணக் கொதிநிலையில் இந்த வித்துகள் அழியாது. நல்ல தேன், காட்டுத் தேன் என்பதாலும் பயனில்லை. வித்துகளைக் கண்ணாலோ மணத்தாலோ அறிய முடியாது. உங்கள் வீட்டில் தம்பி, தங்கை, அக்காள் குழந்தை என யாராவது பிறந்திருந்தால், பாட்டியிடம் பணிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள். "முதல் பிறந்தநாளுக்குப் பிறகு நீங்களே தொட்டு வையுங்கள், பாட்டி" என்று சொன்னால் அவர் மனமும் நோகாது.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளில் தலா இரண்டு தேக்கரண்டி தேன் ஊற்றுங்கள். முதல் குவளையில் தண்ணீர் வேண்டாம். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி, மூன்றாவதில் பத்துத் தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் கலந்துகொள்ளுங்கள். மூன்றிலும் ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டை ஒரே அளவில், ஒரு சிட்டிகை தூவிக் கலக்குங்கள். இறுக மூடாமல், ஒரு துணியால் மட்டும் மூடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் குமிழிகளைக் கவனித்து அட்டவணையில் எழுதுங்கள். கலவையைச் சுவைக்க வேண்டாம்.

சிந்தித்து விடை எழுதுக

1. இந்தப் பரிசோதனையில் நாம் மாற்றியது எது? மாற்றாமல் வைத்தவை எவை?
2. எந்தக் குவளையில் முதலில் குமிழி வந்தது? அந்தக் குமிழியில் உள்ள வாயு எது?
3. பாட்டியின் இஞ்சித் தேன் புளித்ததற்கான காரணத்தை உங்கள் அட்டவணையைக் கொண்டு விளக்குக.