நிலவின் இரவுக்கு எத்தனை பேட்டரி?

அன்புள்ள திருமங்கலத்து வாசகருக்கு,

இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருப்பவர் விண்வெளியைப் பற்றிக் கேட்டு எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை. 2012 மின்வெட்டுக் காலத்தில் மதுரைப் பக்கம் எந்தப் பேச்சும் “பேக்கப் எவ்வளவு நேரம் வரும்?” என்பதில்தான் போய் நிற்கும். நிலவில் மனிதரைத் தங்கவைக்க நினைப்பவர்களும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சந்திரயான்-3இன் விக்ரம் கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில், பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே அதை உறங்க வைத்தார்கள். விடிந்ததும் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அங்கே ஓர் இரவு என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள், குளிரோ கொடும் குளிர். இயந்திரத்தை உறங்க வைக்கலாம். மூச்சுவிட வேண்டிய மனிதருக்கு அது ஆகாது.

உங்கள் தொழில் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு கிலோவாட் லோடு, 336 மணி நேரம். 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியை முழுக்க வற்றவிட்டாலும் 187 வேண்டும். ஒன்று 55 கிலோ என்று வைத்தால் 10 டன்னைத் தாண்டும். 2024 ஜனவரி 1 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-58இல் இஸ்ரோ ஒரு புது லித்தியம் செல்லைச் சோதித்தது. சிலிக்கானும் கிராஃபைட்டும் கலந்த எதிர்மின்வாய், கிலோவுக்கு 190 வாட்-மணி. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் நம் 336 மணி நேரத்துக்கு அதுவும் 1¾ டன் கேட்கிறது.

அதே ராக்கெட்டில் இன்னொன்றும் போனது: விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த எரிபொருள் மின்கலம். அழுத்தக் கலன்களில் அடைத்த ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து 180 வாட் கொடுத்தது. அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோள்தான் தலைப்புச் செய்தி. என்னைக் கேட்டால் இதுவும் தலைப்பில் இடம்பிடித்திருக்க வேண்டும். பேட்டரி தன் சரக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எரிபொருள் மின்கலமோ சிலிண்டர் வெளியே இருக்கும் அடுப்பு மாதிரி. நேரம் கூடினால் சிலிண்டரைக் கூட்டினால் போதும், அடுப்பு ஒன்றேதான். மேலே சொன்ன இரவுக்கு ஏறத்தாழ 150 கிலோ வாயு போதும். கலன்களின் எடை தனி, அது லேசானதல்ல. மிஞ்சுவது அதே எடைக்குத் தண்ணீர். பகலில் சூரிய மின்சாரத்தால் அதைப் பிரித்து மறுபடி வாயுவாக்கிவிடலாம் என்பதுதான் திட்டம்.

அந்தத் தண்ணீரின் அருமை 1970 ஏப்ரலில் நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ-13இல் தெரிந்தது. ஆக்சிஜன் தொட்டி வெடித்து, எரிபொருள் மின்கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கரண்டோடு, அவை தந்துவந்த குடிநீரும் நின்றது. வீரர்கள் நிலவில் இறங்கும் கலத்துக்குள் ஒதுங்கி, அதிலிருந்த வெள்ளி-துத்தநாக பேட்டரிகளைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் நாளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். ஆகவே எரிபொருள் மின்கலம் வந்தால் பேட்டரிக்கு வேலையில்லை என்று எண்ண வேண்டாம். ஆபத்துக்கு அதுதான் கைகொடுத்தது. மூன்று நாள் மனித விண்பயணமாகத் திட்டமிட்டிருக்கும் ககன்யானுக்குச் சூரியத் தகடும் பேட்டரியுமே போதும். 2040க்குள் நிலவில் இந்தியரை இறக்குவோம் என்கிறார்களே, அங்கே தங்குவதென்றால்தான் கதை மாறும்.

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மேலூர், திருப்பத்தூர் வழியாக பஸ் ஏறி காரைக்குடிக்குப் போய்வாருங்கள். 1948இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, அங்கேதான் இருக்கிறது. லெட்-ஆசிட்டிலிருந்து லித்தியம், எரிபொருள் மின்கலம் வரை ஆராய்கிறார்கள். மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பும் உண்டு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் மின்வேதியியல் பாடம் அவளுக்குப் பிடித்திருந்ததா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்